டோலுவீன் டேங்குக்கு வாங்கிய ஃபோர்க் லெவல் சுவிட்ச்: பதினெட்டு மாத அனுபவம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரெசின் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷமாக இன்ஸ்ட்ரூமென்ட் டெக்னீஷியன் வேலை பார்க்கிறேன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் எங்கள் டோலுவீன் (எளிதில் தீப்பற்றும் கரைப்பான்) டேங்கில் வைப்ரேட்டிங் ஃபோர்க் வகை லெவல் சுவிட்ச் ஒன்று மாட்டினோம். டேங்க் நிரம்பி வழிவதற்கு முன், லாரியிலிருந்து இறக்குகிற பம்ப்பை நிறுத்துவது மட்டும்தான் அதன் வேலை. பக்கத்து யூனிட்காரர்கள் போன் செய்து "எப்படி இருக்கு, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எந்த மேக் என்று எழுதவில்லை. இதை நன்றாகச் செய்கிற கம்பெனிகள் நான்கைந்து இருக்கின்றன, எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான். ஃப்ளேம் ப்ரூஃப் ஹவுசிங் (உள்ளே பொறி பறந்தாலும் வெளியே தீ பரவவிடாத கூடு), எஸ்ஐஎல் 2 (SIL 2) என்ற பாதுகாப்புத் தரச் சான்றிதழ், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து எங்களுக்கு 38,000 ரூபாய் ஆனது. பழைய மாதிரி மேக்னட்டிக் ஃப்ளோட் (மிதவை) சுவிட்சைப் பாரிமுனையில் வாங்கினால் இதில் கால் பங்குக்குக் கிடைத்துவிடும். "அது நல்லாத்தானே ஓடிட்டிருந்தது?" என்றுதான் ஸ்டோர்ஸில் கேட்டார்கள். அந்த ஃப்ளோட் எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்று செகண்ட் ஷிஃப்ட். 30 கேஎல் டேங்கில் (ஒரு கேஎல் ஆயிரம் லிட்டர்) 14 கேஎல் டோலுவீன் இருந்தது. 20 கேஎல் லாரி ஒன்று வந்திருந்தது. 12 கேஎல் இதில் இறக்கிவிட்டு மீதியைப் பக்கத்து டேங்குக்கு மாற்ற வேண்டும். கன்ட்ரோல் ரூம் ஸ்கிரீனில் லெவல் 62 சதவீதம் வரை ஏறியது. அப்புறம் அங்கேயே நின்றுவிட்டது. அந்த நேரத்தில் ரியாக்டர் ஒன்றில் டெம்பரேச்சர் பிடிக்கவேண்டியிருந்ததால் ஆபரேட்டர் பையன் ரியாக்டர் ஸ்கிரீனில் இருந்தான். கேட்டில் டியூட்டி பார்த்த செக்யூரிட்டி அண்ணன்தான் வேகமாக நடந்து வந்து கதவைத் தட்டினார். "தம்பி, டேங்க் பக்கம் வாடை பலமா அடிக்குதுப்பா, வந்து பாருங்க."

போய்ப் பார்த்தால் வென்ட் வழியாக வழிந்து, டேங்க் சுவரில் வரிவரியாக இறங்கி, டைக்குக்குள் (டேங்கைச் சுற்றிய தடுப்புச் சுவருக்குள்) குளம் கட்டியிருக்கிறது. டோலுவீனின் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடத் தொடங்கும் வெப்பநிலை, 4 டிகிரி செல்சியஸ். நம் ஊரில் வருஷத்தின் எந்த நாளிலும், எந்த மணியிலும் அது பற்றிக்கொள்ளத் தயாராகத்தான் இருக்கும். லாரி பத்து மீட்டர் தள்ளி நின்றது, இன்ஜின் அணைந்திருந்தது. பம்ப்பை நிறுத்தி, நுரை அடித்து, எல்லாம் அடங்க இரவு ஆகிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை நான்தான் பிரித்துப் பார்த்தேன். அழுத்த வித்தியாசத்தை வைத்து லெவல் காட்டுகிற டிபி டிரான்ஸ்மிட்டரின் டேப்பிங்கில் (டேங்கோடு இணைக்கும் துளையில்) பிசின் மாதிரி அடைத்திருந்தது, அதனால்தான் 62-இல் உறைந்து நின்றது. சரி, அதற்கு மேல் ஒரு காவல் வேண்டும் என்றுதானே ஃப்ளோட் சுவிட்ச் இருக்கிறது? ஃப்ளேஞ்சைக் கழற்றி ஃப்ளோட்டை விரலால் தூக்கினேன். வரவில்லை. பிவட்டில் துருவும் பிசினும் சேர்ந்து இறுகியிருந்தது, ஸ்பானரால் தட்டிய பிறகுதான் அசைந்தது. அதோடும் முடியவில்லை. டெர்மினல் பெட்டியைத் திறந்தால் உள்ளே பச்சையாகக் களிம்பு பூத்திருக்கிறது. எச்சரிக்கை ஹூட்டருக்குப் போகிற ஒயரை லேசாகத்தான் இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. ஃப்ளோட் நகர்ந்திருந்தாலும் ஹூட்டர் அடித்திருக்காது. பெட்டி மேல் தொங்கிய டெஸ்ட் டேகில் தேதி மூன்று வருஷத்துக்கு முந்தையது. கையெழுத்து என்னுடையது.

எத்தனை நாளாக அது செத்துக் கிடந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. டேங்க் சரியாக நிரம்பிய ஒவ்வொரு நாளும் அந்த சுவிட்ச் நல்ல சுவிட்ச் மாதிரியேதான் இருந்திருக்கிறது.

அந்த வாரம் சரியாகத் தூங்கவில்லை. இங்கிலாந்தில் ஹெமல் ஹெம்ஸ்டெட் ஊருக்குப் பக்கத்தில், பன்ஸ்ஃபீல்டு எண்ணெய் டெப்போவில் நடந்த விபத்தைப் பற்றி ஒரு பயிற்சியில் காதில் விழுந்திருந்தது. விசாரணை அறிக்கைகளைத் தேடி எடுத்து ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். எங்கள் டேங்க் கதையேதான், ஆயிரம் மடங்கு பெரிதாக.

2005 டிசம்பர் 10, சனிக்கிழமை சாயங்காலம், 912 என்று எண் போட்ட டேங்குக்குப் பைப்லைனில் பெட்ரோல் வரத் தொடங்கியது. மறுநாள் அதிகாலை 3 மணி வாக்கில், டேங்க் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியிருந்தபோது, லெவல் காட்டுகிற கேஜ் அப்படியே நின்றுவிட்டது. பெட்ரோல் நிற்கவில்லை. ஹை அலாரம், ஹை-ஹை அலாரம் எல்லாமே அந்த ஒரே கேஜின் அளவைப் பார்த்து அடிக்கிறவை. கேஜ் நகராததால் ஒன்றுகூட அடிக்கவில்லை. 5.37-க்கு டேங்கின் மேலிருந்து வழியத் தொடங்கியது. 250,000 லிட்டருக்கும் மேல் கொட்டியிருக்கிறது. காற்றே இல்லாத குளிர்காலைப் பொழுது. உயரத்திலிருந்து சிதறி விழுந்த பெட்ரோல் ஆவியாகி வெள்ளைப் பனிமூட்டம் மாதிரி தரையோடு பரவியது. 6.01-க்கு வெடித்தது. ஐந்து நாள் எரிந்தது, 20-க்கும் மேற்பட்ட டேங்குகள் தீயில் போயின. 43 பேருக்குக் காயம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை என்பதால் சுற்றியிருந்த அலுவலகங்களில் ஆளில்லை, ஒரு உயிர்கூடப் போகவில்லை. திங்கள் காலை பத்து மணிக்கு வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

அந்த கேஜ் அன்றைக்குத்தான் முதல்முறையாக மாட்டிக்கொண்டது என்று நினைக்காதீர்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அந்த மூன்றரை மாதத்தில் 14 முறை மாட்டியிருக்கிறது. சில தடவை கேஜை மேலே ஏற்றி இறக்கினால் சரியாகிவிடும், வேலையும் தொடரும். ஏன் மாட்டுகிறது என்று யாரும் வேர்வரை போகவில்லை. படித்தபோது எங்கள் டிபி டிரான்ஸ்மிட்டரை நானே எத்தனை தடவை வடித்துச் சுத்தம் பண்ணி விட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

என்னை மிகவும் உலுக்கியது அந்த டேங்கின் கடைசிக் காவலான தனி ஹை லெவல் சுவிட்ச்தான். பழசு இல்லை, 2004-இல்தான் மாட்டியிருக்கிறார்கள். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு லீவர் உண்டு. லீவர் சரியான நிலையில் நிற்க வேண்டுமானால் அதில் ஒரு பூட்டைப் போட்டாக வேண்டும். பூட்டு இல்லையென்றால் லீவர் கீழே சரியும், சுவிட்ச் வேலை செய்யாது. மாட்டியவர்களோ, பூட்டு என்பது வேறு யாரும் கை வைக்காமல் இருப்பதற்குத்தான் என்று நினைத்திருக்கிறார்கள். பூட்டுப் போடவில்லை. ஒரு சின்னப் பூட்டு! அந்த சுவிட்சைச் செய்து விற்றவர்கள், பூட்டு எவ்வளவு முக்கியம் என்பதை மாட்டுகிறவர்களுக்குப் புரியும்படி சொல்லவில்லை. மாட்டியவர்களும் கேட்கவில்லை. கன்ட்ரோல் ரூமில் இருந்தவர்களுக்கு அந்த சுவிட்ச் செத்திருப்பது தெரிய வழியே இல்லை.

இதைப் படித்த பிறகு லெவல் சுவிட்ச் விற்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இது கெட்டுப்போனால் எனக்கு எப்படித் தெரியும்?" பலர் துல்லியம், ரேஞ்ச், வாரன்ட்டி என்று வேறு எங்கோ போனார்கள். நாங்கள் வாங்கியதை விற்றவர் பையிலிருந்து டெமோ பீஸை எடுத்து மேஜை மேல் வைத்து, பவர் கொடுத்து, ஒயரைப் பிடுங்கிக் காட்டினார். உள்ளே இருந்த ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மின்சாரம் இழந்து விழுந்தது. அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

இனி கருவிக்கு வருகிறேன். பார்ப்பதற்கு இசைக்கவை மாதிரி இருக்கும். விரல் நீளத்துக்கு இரண்டு துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் டேங்குக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே இருக்கும் பீசோ (மின்சாரம் கொடுத்தால் அதிரும் படிகம்) அதை நொடிக்கு ஆயிரம் தடவைக்கும் மேல் அதிர வைக்கிறது. திரவம் தொட்டால் அதிர்வின் வேகம் குறையும், அதை வைத்து "நனைந்துவிட்டேன்" என்று தெரிந்துகொள்கிறது. நகர்கிற பாகமே இல்லை. ஃப்ளோட் இல்லை, பிவட் இல்லை, துருப்பிடித்து இறுக ஒன்றுமில்லை. எனக்கு இன்னும் பிடித்தது, அது எப்போதும் அதிர்ந்துகொண்டே இருப்பது. அதிர்வு நின்றாலும், தகடு அரித்துப்போய் வேகம் அளவுக்கு மீறிக் கூடினாலும் உள்ளே இருக்கும் சர்க்யூட் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளும். எங்களுடையதில் ஹவுசிங் கண்ணாடி வழியாக ஒரு பச்சை விளக்கு நொடிக்கு ஒருமுறை மினுக்கும். ஷிஃப்ட் ரவுண்ட் போகிற பையன்கள் அதைப் பார்த்து டிக் போட்டுவிட்டு வருகிறார்கள்.

ஆனால் இந்தக் கருவியை வாங்கிப் பழையபடியே ஒயர் போட்டால் 38,000 ரூபாயும் வீண். நாங்கள் ஃபோர்க் நனையாமல் இருக்கும்போது ரிலே மின்சாரம் பெற்று (எனர்ஜைஸ் ஆகி) நிற்கும்படி போட்டோம். நனைந்தால் விழும். ஃபியூஸ் போனாலும், கேபிள் அறுந்தாலும், டெர்மினல் பச்சை பூத்தாலும் விழும். விழுந்தால் பம்ப் நிற்கும், லைனில் இருக்கும் வால்வு காற்று இழந்து ஸ்பிரிங்கில் தானாக மூடும். பிஎல்சி (பிளான்ட்டை ஓட்டுகிற கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) வழியாகக் கொண்டுபோகவில்லை. லெவல் காட்டுகிற டிரான்ஸ்மிட்டர் வேறு, இது வேறு, கேபிள் டிரே உட்பட எதுவும் பொது இல்லை. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

குறைகளும் உண்டு. மோட் மாற்றுகிற திருகு மிகச் சின்னது. பக்கத்தில் எழுதியிருப்பது டார்ச் அடித்தாலும் சரியாகத் தெரியாது. எங்கள் எலக்ட்ரீஷியன் முதல் நாள் அதை "நனைந்தால் ஆன்" என்ற பக்கம் வைத்துவிட்டார். லோ லெவலுக்கு வைக்கிற செட்டிங் அது. அப்படியே விட்டிருந்தால் டேங்க் நிரம்பும்போது பம்ப்புக்கு ஓடச் சொல்லி அனுமதி கொடுத்துக்கொண்டிருக்கும். மாட்டும் முன்பே வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்ததால் தப்பித்தோம். இவ்வளவு விலை வாங்குகிறவர்கள் கொஞ்சம் பெரிய எழுத்தாகப் போடலாம். கேபிள் நுழையும் இடத்தை இறுக்கி அடைக்கிற கிளாண்ட் பெட்டியில் வரவில்லை, தனியாக வாங்கினோம். ஃப்ளேம் ப்ரூஃப் சான்றிதழ் நகல் கைக்கு வர மூன்று வாரம் ஆனது.

இன்னொரு திருகு அடர்த்திக்கு. தண்ணீர் 1 என்றால், 0.7-க்கு மேலா, அதற்குக் கீழா என்று இரண்டே நிலை. டோலுவீன் 0.87 என்பதால் எங்களுக்குக் குழப்பமில்லை. ஆனாலும் எந்தத் திரவத்துக்காக செட் செய்தோம் என்பதை எழுதி ஹவுசிங்கிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் டெக்சாஸ் சிட்டி ரிஃபைனரியில் 2005 மார்ச் 23 அன்று நடந்ததில் இதற்கும் ஒரு பங்கு இருந்தது. 170 அடி உயர டவரின் அடியில் இருந்த லெவல் கருவியைப் பல வருஷம் முந்தைய தாளில் இருந்த பழைய அடர்த்தியை வைத்து கேலிபரேட் செய்திருந்தார்கள். டவருக்குள் திரவம் ஏறிக்கொண்டே போக, கருவியோ இறங்குவதாகக் காட்டியது. உள்ளே ஏறக்குறைய 158 அடிக்கு நின்றபோது ஸ்கிரீனில் 8 அடிகூட இல்லை. தனியாக இருந்த ஹை லெவல் அலாரம் அடிக்கவில்லை. சைட் கிளாஸில் அழுக்கு படிந்து எதுவும் தெரியவில்லை. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள்.

டெஸ்ட் செய்யும் வசதி நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் ஒரு எச்சரிக்கை. ஹவுசிங்கில் குறியிட்ட இடத்தில் காந்தத்தை வைத்தால் நனைந்த மாதிரியே நடந்துகொள்ளும். ரிலே விழுகிறதா, வால்வு மூடுகிறதா என்று ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். மூடியைத் திறக்க வேண்டாம். காந்தத்தை எடுத்தால் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். பன்ஸ்ஃபீல்டு லீவர் மாதிரி தப்பான நிலையில் விட்டுவிட்டு வர வழியே கிடையாது. மாதம் ஒருமுறை இதைச் செய்கிறோம். ஆனால் காந்தம் ஃபோர்க்கைச் சோதிப்பதில்லை, அதற்குப் பின்னால் இருப்பதைத்தான் சோதிக்கிறது. விற்க வருகிறவர்கள் இதைச் சொல்வதில்லை, நாமாகக் கேட்டால்தான் ஒப்புக்கொள்கிறார்கள்.

அதனால் வருஷத்துக்கு ஒருமுறை வாளி டெஸ்ட். பெர்மிட் எடுத்து, டேங்க் உச்சியில் சுவிட்சைக் கழற்றி, அது நின்ற துளையை (நாசில்) உடனே பிளைண்ட் தகடு போட்டு மூடிவிட்டு, எஸ்எஸ் வாளியில் தண்ணீர் வைத்து ஃபோர்க்கை மெல்ல இறக்குவோம். போன தடவை நான் வாளியைப் பிடித்துக்கொண்டேன், பையன் கீழே வால்வு பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு நின்றான். தண்ணீர் தகட்டின் பாதியைத் தொட்டதும் மினுக்கல் மாறியது. ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் கீழே இருந்து வால்வு காற்றை விடும் உஸ்ஸென்ற சத்தம். "ஒன்பது செகண்ட் அண்ணே!" என்று கத்தினான். எங்கள் பம்ப் மணிக்கு 20 கேஎல், அதாவது ஒன்பது நொடிக்கு 50 லிட்டர். சுவிட்ச் நிற்பது 92 சதவீதத்தில், அதற்கு மேல் 2.4 கேஎல் இடம் இருக்கிறது. இந்தக் கணக்கைப் பதிவேட்டில் எழுதியபோதுதான் மனசு கொஞ்சம் ஆறியது.

பதினெட்டு மாதத்தில் இரண்டு தடவை டேங்க் நிரம்பாமலே டிரிப் ஆகி பம்ப்பை நிறுத்தியது. ஒருமுறை பவர் சப்ளை ஃபியூஸ். இன்னொருமுறை ஐப்பசி மழையில் கிளாண்ட் வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டது. இரண்டுமே நாங்கள் செய்த வேலையின் குறை, சுவிட்சின் குறை இல்லை. லாரி இரண்டு மணி நேரம் நின்றது, டிரைவர் சத்தம் போட்டார், "ஒரு பைபாஸ் சுவிட்ச் வச்சுடலாமே" என்று மேனேஜர் கேட்டார். அவர் மேல் தப்பில்லை, லாரியை நிறுத்தி வைத்ததற்கு அவர்தான் மேலே பதில் சொல்ல வேண்டும்.

நான் அவரிடம் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இருக்கும் டாம் சாக் நீர்த்தேக்கத்தைப் பற்றிச் சொன்னேன். பன்ஸ்ஃபீல்டு நடந்து மூன்றே நாளில், 2005 டிசம்பர் 14 விடிகாலையில் உடைந்தது அது. மலை உச்சியில் கட்டி, பம்ப் வைத்துத் தண்ணீர் ஏற்றுகிற தொட்டி. லெவல் சென்சார்கள் இருந்த குழாய்கள் பிடிப்பு விட்டு வளைந்துபோனதால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டின. சரி, அவசரத்துக்கு மேலே இரண்டு புரோப்கள் இருந்தன. ஆனால் கரை சில இடங்களில் தாழ்ந்திருந்தது, புரோப்கள் அந்தத் தாழ்ந்த இடத்தைவிட உயரத்தில் நின்றன. ஒன்று நனைந்தால் போதும் என்றிருந்ததை, இரண்டும் நனைந்தால்தான் பம்ப் நிற்கும் என்று மாற்றியும் இருந்தார்கள். கரை மேல் வழிந்து, அரித்து, உடைந்தது. சுமார் 400 கோடி லிட்டர் தண்ணீர் மலையிலிருந்து இறங்கியது. கீழே இருந்த பூங்காவின் மேற்பார்வையாளர் வீடு, மனைவி, மூன்று குழந்தைகளோடு அடித்துச் செல்லப்பட்டது. ஐந்து பேரும் பிழைத்தது பெரிய விஷயம். மேனேஜர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "கிளாண்டை மாத்துங்க, பைபாஸ் வேண்டாம்" என்றார். டபுள் கம்ப்ரெஷன் கிளாண்ட் போட்டு, மேலே ஒரு மழைக்கூரையும் வைத்தோம். அதற்கப்புறம் டிரிப் இல்லை.

யார் வாங்கலாம்? டோலுவீன், சைலீன், மெத்தனால், டீசல் மாதிரி தெளிந்த திரவம் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். கெட்டியான ரெசின் டேங்குக்கு வேண்டாம். ஒரு டேங்கில் போட்டுப் பார்த்தோம். இரண்டு தகடுகளுக்கும் நடுவே ரெசின் பாலம் மாதிரி ஒட்டிக்கொள்கிறது, உடனே நனைந்துவிட்டதாக நினைத்து நிறுத்திவிடுகிறது. ஹை லெவலுக்கு அது பாதுகாப்பான பக்கம்தான் என்றாலும், வாரத்துக்கு இரண்டு தடவை பொய்யாக நிறுத்துகிற கருவியை ஒருநாள் யாராவது பைபாஸ் செய்துவிடுவார்கள். அங்கே வேறு வகை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

விலையைப் பற்றி இன்னும் கேட்பவர்களுக்கு: அன்றைக்கு டைக்கில் நின்ற டோலுவீனை அள்ளி, அப்புறப்படுத்தி, நுரைத் தொட்டியை மறுபடி நிரப்ப ஆன செலவே இந்த சுவிட்ச் மூன்றின் விலைக்கு மேல்.

பக்கத்து டோலுவீன் டேங்குக்கும் ஒன்று இன்டென்ட் போட்டாகிவிட்டது. இந்த முறை கிளாண்டைச் சேர்த்தே ஆர்டரில் எழுதியிருக்கிறேன். கழற்றி வாளிக்கு இறக்க வசதியாக, கேபிளில் மூன்று மீட்டர் லூப் விட வேண்டும் என்று டிராயிங்கிலும் குறித்திருக்கிறேன். முதல் டேங்கில் அதை மறந்துவிட்டதால்தான் வாளியை நான் கையில் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.